அளவு குறைந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 57. என் தந்தை 54 வயதில் மாரடைப்பால் இறந்தார். ரத்த அழுத்தத்துக்காகச் சில ஆண்டுகளாக அம்லோடிபின் சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 114 இருக்கிறது. எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 172 என்று வந்ததால் மருத்துவர் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. எழுதிக் கொடுத்தார். பத்து வாரத்தில் அது 94 ஆகக் குறைந்தது. ஆனால் நான்காவது வாரத்திலிருந்தே இரண்டு தொடைகளிலும் வலி. என் மைத்துனர், ‘இது கல்லீரலைக் கெடுக்கும், சர்க்கரையைக் கொண்டுவரும், மறதி வரும், தொடங்கினால் விடவே முடியாது’ என்கிறார். அளவுதான் சரியாகிவிட்டதே என்று மூன்று வாரத்துக்கு முன் நானாகவே நிறுத்திவிட்டேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. வலி குறைந்தது போலவும் இருக்கிறது, குறையாதது போலவும் இருக்கிறது. இந்த மாத்திரை உடலுக்குள் என்னதான் செய்கிறது? நான் நிறுத்தியது சரியா?

பதில்: அன்புடையீர், வலி வந்ததும் நீங்கள் கவலைப்பட்டது சரி. யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியது சரியில்லை. உங்கள் தந்தையின் வரலாறும், ரத்த அழுத்தமும், எல்லைக்கோட்டில் நிற்கும் சர்க்கரையும் இல்லாத ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்த மாத்திரை ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைக் கரைத்து வெளியேற்றுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைத்தால், அளவு இறங்கியதும் வேலை முடிந்தது என்று தோன்றுவது இயல்பே. உண்மையில் ஸ்டாட்டின் வகை மருந்துகள் வேலை செய்யும் முதன்மையான இடம் ரத்தம் அல்ல, கல்லீரல்.

கொலஸ்ட்ரால் இல்லாமல் நாம் வாழ முடியாது. ஒவ்வொரு செல்லின் உறையிலும் அது இருக்கிறது. பித்தநீர் அமிலங்களும், பாலியல் ஹார்மோன்களும், வைட்டமின் டி-யும் அதன் வழியில்தான் உருவாகின்றன. அதில் பெரும்பகுதியை உடல் தானே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து வருவது அதைவிடக் குறைவு. அந்தத் தயாரிப்பில் பல படிகள் உண்டு. அவற்றில் வேகத்தைத் தீர்மானிக்கும் படியை நடத்துவது எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதி. ஸ்டாட்டின் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது. கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் பற்றாக்குறை ஏற்படுகிறது. பற்றாக்குறையை உணர்ந்த செல், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் கூடுதலாக உருவாக்குகிறது. அந்த ஏற்பிகள் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை வாரி எடுப்பதால்தான் உங்கள் அறிக்கையில் எண் இறங்குகிறது. உற்பத்தி குறைந்ததால் இறங்கியதைவிட, கல்லீரல் அதிகமாக இழுத்துக்கொண்டதால் இறங்கியதே அதிகம். இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தைக் கண்டுபிடித்த கதையும் எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோ, 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து, பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987-இல் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அன்றிலிருந்து கணக்கிட்டால் இந்த மருந்துக் குடும்பத்தை மனிதர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார்கள். இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு பேரிடம் ஆராயப்பட்ட மருந்துகள் மிகச் சிலவே.

இப்போது உங்கள் 94-க்கு வருவோம். அது மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தபோது எடுத்த அளவு. நிறுத்தியதும் நொதி மீண்டும் முழு வேகத்தில் இயங்கும், கூடுதல் ஏற்பிகள் குறையும், சில வாரங்களில் எல்.டி.எல். பழைய இடத்துக்கே போய்விடும். இந்நேரம் அது 172-க்கு அருகில் இருக்கும் என்றே நினைக்கிறேன். ‘விடவே முடியாது’ என்று உங்கள் மைத்துனர் சொன்னதில் இந்த அளவுக்குத்தான் உண்மை இருக்கிறது. போதைப்பொருள் போல உடல் இதற்கு அடிமையாவதில்லை. நிறுத்தினால் நடுக்கமோ தவிப்போ வராது. மருந்து தந்த பாதுகாப்பு நின்றுபோகும், அவ்வளவுதான். நீங்கள் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே விதிதான். அதை அழுத்தம் சரியானதும் நீங்கள் நிறுத்திவிடவில்லையே!

எந்தப் பாதுகாப்பு என்று கேட்பீர்கள். எல்.டி.எல். துகள்கள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கும்போது அங்கே அழற்சி உண்டாகி, ஆண்டுக்கணக்கில் ஒரு படிவு வளர்கிறது. அது மெல்லிய தோல் மூடிய சீழ்க்கட்டி போன்றது. மாரடைப்புகள் பலவும் குழாய் மெல்ல மெல்ல முழுதும் அடைபட்டு வருவதில்லை. அந்த மெல்லிய மூடி கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வந்துவிடுகின்றன. எல்.டி.எல்.லை நீண்ட காலம் குறைத்து வைத்தால் படிவுக்குள் இருக்கும் கொழுப்பும் அழற்சியும் குறைகின்றன, மூடி தடிக்கிறது, படிவே சற்றுச் சுருங்குவதும் உண்டு. இதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். பத்து வாரத்தில் உங்கள் ரத்தத்தின் எண் மாறியது. குழாய்ச் சுவரில் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் நிறுத்திவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேர் சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினோ மருந்தே இல்லாத போலி மாத்திரையோ எடுத்துக்கொண்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் கண்காணிக்கப்பட்டார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 182 பேர். அதன் பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எல்.டி.எல். ஏறத்தாழ 39 மி.கி. குறையும்போது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைகின்றன என்று தெரிந்தது. உங்களுக்கு 78 மி.கி. குறைந்திருந்தது.

இந்தப் பங்குக் கணக்கை மட்டும் வைத்து யாரையும் மருந்து சாப்பிடச் சொல்லக்கூடாது என்பதும் என் கருத்து. முப்பது வயதில், வேறு எந்த ஆபத்தும் இல்லாத ஒருவருக்கு அடுத்த பத்தாண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பே மிகச் சிறியது. சிறியதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கிடைக்கும் லாபமும் சிறியதே. உங்கள் நிலை அப்படி இல்லை. 55 வயதுக்கு முன் தந்தைக்கு மாரடைப்பு வந்திருப்பதை நாங்கள் தனி ஆபத்துக் காரணியாகவே எடுத்துக்கொள்கிறோம். அதோடு வயதும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேரும்போது உங்கள் மருத்துவர் மருந்து எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இன்னும் உங்களுக்குத் தயக்கம் இருந்தால், இதய ரத்தக்குழாய்களில் சுண்ணாம்புப் படிவு இருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. ஸ்கேன் ஒன்று உண்டு. முடிவெடுக்க அது உதவுமா என்று அவரிடம் கேட்கலாம்.

தொடை வலியைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். ஸ்டாட்டினைப் பாதியில் விடுபவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். உங்களைப் போன்றவர்களிடம் சில மருத்துவர்கள் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள்’ என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள். அது தவறு. ஸ்டாட்டினால் தசை பாதிக்கப்படுவது உண்மையிலேயே நடக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில், மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் வருவது அதன் வழக்கம். உங்கள் விவரிப்பு அந்த வழக்கத்தோடு ஒத்துப்போகிறது என்பதை நான் மறைக்கவில்லை.

ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தசை வலி மருந்தில்லாமலே அடிக்கடி வரும். ஆய்வுகளில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கால்வாசிக்கு மேற்பட்டோர் தசை வலி சொன்னார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் அந்த விகிதம் அரை விழுக்காடு அளவே கூடுதல். மருந்தால் வந்த கூடுதல் வலியும் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே காணப்பட்டது. 2020-இல் பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வு இதை மிக அழகாகக் காட்டியது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேரிடம் ஓர் ஆண்டுக்கு மாதம் ஒன்றாகக் குப்பிகளைக் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் போலி மாத்திரை, நான்கு வெறும் குப்பிகள். மாத்திரை இருந்த மாதங்களில் எது உண்மை, எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. வெறும் குப்பி மாதங்களில் தொந்தரவு குறைவாக இருந்தது. ஸ்டாட்டின் மாதங்களில் கூடியது. போலி மாத்திரை மாதங்களிலும் ஏறத்தாழ அதே அளவு கூடியது! பக்கவிளைவு வரும் என்ற எதிர்பார்ப்பே உடலில் வலியை எழுப்ப வல்லது. அந்த வலி பொய்யல்ல; அவர்களுக்கு உண்மையாகவே வலித்தது. வலிக்குக் காரணம் மாத்திரைக்குள் இருந்த வேதிப்பொருள் இல்லை என்பது மட்டுமே தெரிந்தது. தங்கள் முடிவுகளைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினார்கள்.

உங்கள் வலி எந்த வகை என்பதை ஒரு கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. சோதித்துக் கண்டுபிடிக்கலாம். முதலில் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை. தசை சிதைந்தால் இந்த நொதி ரத்தத்தில் உயரும். கடுமையான உடற்பயிற்சி செய்த மறுநாள் எடுத்தால் தானாகவே உயர்ந்து காட்டும் என்பதால் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் எடுங்கள். மருந்து சாப்பிட்டபோது எடுத்திருந்தால் அதன் பயன் இன்னும் அதிகமாக இருந்திருக்கும். அடுத்தது தைராய்டு, இதை மறக்கவே கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தால் அதனாலேயே கொலஸ்ட்ரால் ஏறும், அதனாலேயே தசை வலிக்கும், ஸ்டாட்டினின் தசை பாதிப்புக்கும் அது வழி திறந்துவிடும். தைராய்டைச் சரிசெய்ததும் கொலஸ்ட்ராலும் வலியும் சேர்ந்தே இறங்கியவர்கள் உண்டு. வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், வலி அடங்கியபின் மருத்துவர் மேற்பார்வையில் மீண்டும் தொடங்குவதுதான் நான் சொல்லும் வழி. அதே மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கலாம், அல்லது ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின் போன்ற வேறொன்றுக்கு மாறலாம். ரோசுவாஸ்டாட்டின் ஆசிய வம்சாவளியினரின் ரத்தத்தில் கூடுதலாகத் தேங்குவதால் 5 மி.கி. அளவில் தொடங்குவது வழக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுத் தாங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. கோ-என்சைம் க்யூ10 மாத்திரை வலியைப் போக்கும் என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். ஆய்வுகளில் அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

தசை நார்கள் பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் கொடிய நிலை ஒன்று இருக்கிறது. அது பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவதே அரிது. 2001-இல் செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து இதனால் ஏற்பட்ட மரணங்களுக்காகவே உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இப்போது புழக்கத்தில் உள்ளவை அந்த அளவு ஆபத்தானவை அல்ல. ஆனாலும் தாங்க முடியாத தசை வலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம், கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ சிறுநீர் போவது ஆகியவை வந்தால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த ஓர் இடத்தில் மட்டும் நீங்களாக நிறுத்துவது சரி.

இந்தக் கொடிய நிலை பல நேரங்களில் மருந்துகள் ஒன்றோடொன்று மோதும்போது வருகிறது. அட்டோர்வாஸ்டாட்டினும் சிம்வாஸ்டாட்டினும் கல்லீரலில் ஒரே நொதியால் உடைக்கப்படுகின்றன. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும், இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும் அந்த நொதியைத் தடுப்பதால் ஸ்டாட்டின் உடைபடாமல் ரத்தத்தில் குவிகிறது. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழச்சாற்றை நிறையக் குடித்தாலும் இதே விளைவுதான். சளி, காய்ச்சல் என்று வேறொரு மருத்துவரிடம் போகும்போது ‘நான் ஸ்டாட்டின் சாப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். உங்கள் அம்லோடிபினுக்கும் அட்டோர்வாஸ்டாட்டினுக்கும் பிரச்சினை இல்லை. சிம்வாஸ்டாட்டினுக்கு மாற்றினால் மட்டும் அதன் அளவு 20 மி.கி.யைத் தாண்டக்கூடாது.

கல்லீரல் பயம் பெருமளவு பழைய காலத்தது. நூறில் ஒருவருக்குக் கல்லீரல் நொதி கொஞ்சம் உயரலாம். பெரும்பாலும் தானாகவே இறங்கும், இல்லையென்றால் அளவைக் குறைத்தால் இறங்கும். உண்மையான கல்லீரல் சேதம் மிகமிக அரிது. அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இடைவிடாத வழக்கமான கல்லீரல் பரிசோதனை தேவையில்லை என்று 2012-இல் அறிவித்தது. தொடங்கும் முன் ஒருமுறை பார்த்தால் போதும். பிறகு மஞ்சள் காமாலை, கடும் சோர்வு போன்ற அறிகுறி இருந்தால் பார்க்கலாம். கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்கள் ஸ்டாட்டின் சாப்பிடக்கூடாது என்பதும் தவறு. அவர்களில் பலருக்கு இதய நோய் ஆபத்து கூடுதல் என்பதால் மருந்து இன்னும் தேவைப்படுகிறது.

சர்க்கரையைப் பற்றி உங்கள் மைத்துனர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதை உங்களிடம் மழுப்ப எனக்கு விருப்பமில்லை. 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது என்று 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. மருந்தின் அளவு கூடினால் இதுவும் கூடும். அப்படி வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கோட்டின் அருகில் நிற்பவர்கள். 114 என்ற உங்கள் அளவு அங்கேதான் நிற்கிறது. ஆனால் சர்க்கரைக்கு நாம் அஞ்சுவது பெரும்பாலும் அது இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் கெடுக்கும் என்பதற்காகவே. அந்தக் கேட்டிலிருந்து காப்பதில் இந்த மருந்துக்கு நிகரானவை குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்கே நாங்கள் இதைத் தேடிப்பிடித்து எழுதுகிறோம். கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையை இப்போது ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கொருமுறையும் எடுங்கள். எடை கூடுதலாக இருந்தால் சில கிலோ குறைப்பதும், தினமும் நடப்பதும் மாத்திரை ஏற்றும் சிறு அளவைவிட அதிகமாகச் சர்க்கரையை இறக்கிவிடும்.

மறதி பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. மூளையில் உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ கால் பங்கு இருக்கிறது என்பதால், அதைக் குறைத்தால் மூளை என்னாகும் என்று தோன்றும். மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். அங்கே நுழைவதில்லை. முதியவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த பெரிய ஆய்வுகளில் ஸ்டாட்டினால் நினைவாற்றல் குறைந்ததாகத் தெரியவில்லை. மிகச் சிலர் மந்தமாக இருப்பதாகச் சொன்னதுண்டு; நிறுத்தியதும் அது சரியானது.

எந்த ஸ்டாட்டினும் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் கதவு மூடிவிடாது. எசெட்டிமைப் என்ற மாத்திரை குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து எல்.டி.எல்.லை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 விழுக்காடு அளவே. எனவே அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிடக் குறைந்த அளவு ஸ்டாட்டினோடு எசெட்டிமைப் சேர்ப்பதையே உங்களைப் போன்றவர்களுக்கு நான் விரும்புகிறேன். எல்.டி.எல்.லைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான பெம்பெடோயிக் அமிலம் கல்லீரலில் மட்டுமே செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது, தசையில் மாறுவதில்லை; யூரிக் அமிலம் கூடி மூட்டு வீக்கம் வருவது அதன் குறை. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தைத் தடுத்து எல்.டி.எல்.லைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுவரும் ஊசிகளும் வந்துவிட்டன. உங்களுக்கு அந்த அளவு போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்ததும் முதல் செய்தியாக, மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்பதைச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று மறைத்தால், இப்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். ஏறியிருப்பதைப் பார்த்து 20 மி.கி. போதவில்லை என்று கருதி அவர் 40 மி.கி. எழுதிவிடலாம், தொடை வலிக்குப் பயந்து நிறுத்திய உங்கள் கையில் இரட்டிப்பு அளவு வந்து சேரும். நிறுத்திய பின் வலி எந்த நாளில் எப்படி இருந்தது என்று நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மீண்டும் தொடங்கும்போதும் அதே தாளில் தொடர்ந்து எழுதி வாருங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எல்.டி.எல்., சி.பி.கே. இரண்டையும் பார்த்து, அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த மருந்து, எந்த அளவு என்று நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.